நுரைக்காத தண்ணீர்

மைதானத்துக்குக் கொண்டுபோகும் சாமான் பெட்டியில் கிடந்த பழைய சோப்புத்துண்டை உங்களில் ஒருவர் குப்பையில் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். போட்டது யார் என்று எனக்குத் தெரியும், பெயரைச் சொல்லி மானத்தை வாங்கப் போவதில்லை. வெப்பமானி, மடக்குப் பாத்திரம், காலுக்குக் கட்டுத்துணி இவற்றுக்கு நடுவில் பாதி தேய்ந்த மஞ்சள் பார் சோப்பு எதற்கு என்று தோன்றியிருக்கும். கை கழுவத்தான் வேறு பாட்டில் இருக்கிறதே. ஆனால் அந்தத் துண்டு கை கழுவ வைத்ததல்ல. அதை வைத்தவன் நான். ஏன் வைத்தேன் என்பதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை, சொல்ல வெட்கமாக இருந்தது. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது. இனி வெட்கத்தைக் கட்டிக்கொண்டு என்ன செய்ய?

மட்டாஞ்சேரியில் நம் நாய்ப் பயிற்சிக்கூடம் இருக்கும் பழைய இஞ்சிக் கிடங்குக்கு நான் இப்போது அதிகம் வருவதில்லை. வந்தால் நீங்கள் செய்வதில் குறை கண்டுபிடிப்பேன், அது எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்த ரம்யாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், மலையாளம் என்றால் பறப்பாள். வேறு யாராவது அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், ஏனென்றால் இது முக்கியமாக அவளுக்கு.

நாய்க்கு வியர்க்காது என்பது உங்களுக்குத் தெரியும். உடம்புச் சூட்டையெல்லாம் அது நாக்கு வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது, அதற்கு உள்ளே ஈரம் வேண்டும். ஈரம் தீர்ந்துபோனால் மூச்சு மட்டும் ஓடும், சூடு இறங்காது. வீட்டில் படுத்துக் கிடக்கும் நாய்க்கு இது பெரிய விஷயமில்லை. நாம் ஓட வைக்கும் நாய்களுக்கு இதுதான் உயிர். அதனால்தான் கூடத்தைத் தொடங்கியவர் ஒரு சட்டம் வைத்தார். நாய்க்கு ஊற்றும் தண்ணீரில் முதல் வாயை அதைப் பழக்கி ஓட்டுகிறவன் குடிக்க வேண்டும். நாம் குடிக்கக் கூசும் தண்ணீரை நாய்க்கு வைக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். அந்தச் சட்டத்தை நான் ஒருநாள்கூட மீறியதில்லை. மைனா விழுந்த அன்றும் மீறவில்லை.

மைனா கறுப்பு லாப்ரடார். தேவராவிலிருந்து ஆண்டனி கொண்டுவந்து விட்ட நாய். அவர் துறைமுகத்தில் சரக்கு அனுமதி வாங்கிக் கொடுக்கும் கிளார்க். நாளெல்லாம் தமிழ் லாரி டிரைவர்களோடு மல்லுக்கட்டி, பாதி மலையாளமும் பாதி தமிழுமாக ஒரு பாஷை பேசுவார். தனி ஆள். அவருக்கு வீட்டில் மைனா, மைனாவுக்கு அவர், அவ்வளவுதான். பொழுதுபோக்காகப் பயிற்சிக்கு விட்டவர், அவள் மூக்கின் அருமையைப் பார்த்து மோப்பப் போட்டிக்குச் சம்மதித்தார். புல்லில் நடந்துபோன ஓர் அந்நியனின் தடத்தை மோப்பம் பிடித்துப் போய், அவன் போட்டுவிட்டுப் போன சாமான்களைக் கண்டெடுக்க வேண்டும். மூன்று சுற்று. மூன்றையும் முடித்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். நம் கூடத்திலிருந்து அதுவரை ஒரு நாயும் போனதில்லை. நான் பல வருடம் ஏங்கிய விஷயம் அது. அந்த ஏக்கத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், நடந்ததில் அதற்கும் பங்கு இருக்கிறது.

அப்போது மீன மாதம், தமிழில் பங்குனி. காலை எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டும். நாய்களுக்கு நாம் டேங்கர் தண்ணீர்தான் வைப்போம், முற்றத்துக் கிணற்று நீர் தரை கழுவவும் துணி அலசவும். அந்த வாரம் டேங்கர் இரண்டு நாளாக வரவில்லை. கூடத்து நாய்களுக்குக் கிணற்று நீரையே ஊற்றினோம், குடித்தன. சரி, போட்டிக்கும் அதுவே போதும் என்று நான்தான் முடிவெடுத்தேன். சட்டப்படி ஒரு வாய் குடித்தேன். எங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. ஐந்து கேன் நிரப்பி வண்டியில் ஏற்றினேன்.

அன்று காலை இன்னொன்றும் செய்தேன். மைனாவைத் துடைக்கும் துண்டுகளைக் கிணற்றடியில் துவைத்தேன். சோப்பு நுரைக்கவில்லை. தேய்க்கத் தேய்க்கத் துணியில் வெள்ளை வெள்ளையாகத் திப்பி ஒட்டியது. சனியன் பிடித்த சோப்பு என்று திட்டிவிட்டு, அலசிக் காயப் போட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அப்போது கூடத்தில் நாய்களுக்குச் சமைக்க கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தார். கணவருக்கு இங்கே கட்டட வேலை. வந்த நாளிலிருந்து தண்ணீரைப் பற்றித்தான் அவருக்குக் குறை. டீ உப்பாக இருக்கிறது என்பார், சோறு கரிக்கிறது என்பார். தன் குழந்தைக்குக் காசு கொடுத்துக் கேன் தண்ணீர் வாங்கிவைத்து, தானும் ஒரு பாட்டிலில் அதையே கொண்டுவருவார். நாங்கள் அவருக்குச் சிறுவாணி என்று பெயர் வைத்தோம். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள், அதைக் கிண்டல் செய்துதான். சொந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டவர் எங்களில் யாரும் இல்லை. கிணற்று நீரை நாய்களுக்கு வைத்த முதல் நாளே அவர் என்னிடம் வந்து, இது ஆகாது என்றார். இங்கே எல்லோரும் இதைக் குடித்துத்தான் வளர்ந்தோம் என்று சொல்லிச் சிரித்தேன். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

போட்டி ஐலண்டில், அதாவது துறைமுகம் இருக்கும் தீவில், ஒரு மைதானத்தில். முதல் சுற்றை மைனா அழகாக முடித்தாள். பாத்திரத்தில் ஊற்றி, ஒரு வாய் நான் குடித்து, அவள் முன்னால் வைத்தேன். நக்கிப் பார்த்தாள், நிறுத்திக்கொண்டாள். வேலை வெறியில் இருக்கும் நாய் தண்ணீரைத் திரும்பிப் பார்க்காது, இது நம் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது சுற்று முடிந்தபோது மணி பத்தரை. இப்போது எச்சில் கயிறுபோலத் தொங்கியது. நாக்கு நுனி அகன்று, கரண்டி மாதிரி வளைந்திருந்தது. மறுபடி பாத்திரம் வைத்தேன், முகத்தைத் திருப்பினாள். அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோமே, சாளை மீன் வேகவைத்த தண்ணீர். அதில் இரண்டு கரண்டி கலந்து நீட்டினேன். முகர்ந்தாள், ஒரு நக்கு நக்கினாள், ஒதுங்கிப் படுத்தாள். லாப்ரடார் மீன் வாசனையை வேண்டாம் என்றால் எங்கோ பெரிய பிசகு இருக்கிறது என்று அர்த்தம். எனக்கும் சந்தேகம் வந்தது. அதனால் இன்னொரு தடவை, இந்தமுறை நிறையவே, நான் குடித்துப் பார்த்தேன். ஒரு குறையும் தெரியவில்லை. அந்த வாய்த் தண்ணீர்தான் என் சந்தேகத்தைத் தீர்த்தது. நல்ல தண்ணீரை நாய் வேண்டாம் என்கிறது, அப்படியானால் தாகமில்லை. கணக்கு சரியாக வந்தது.

உதவிக்குக் கூட வந்திருந்த சிறுவாணி வண்டிப் பக்கமிருந்து வந்தார். கையில் அவருடைய பாட்டில் இருந்தது.

"ஏனுங்கண்ணா, அவளுக்குத் தாகமெல்லாம் இருக்குதுங்க. அந்தத் தண்ணிதான் ஆகலை. இதைக் கொஞ்சம் ஊத்திப் பாருங்க."

போட்டி நாளில் வெளியார் கையால் நாய்க்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று இன்னொரு சட்டம் உண்டு. யாராவது எதையாவது கலந்து கொடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில் வந்த சட்டம். நம் சமையல்காரப் பெண் எப்படி வெளியாள் ஆவார்? ஆனால் சுற்றி நாலு கூடத்து ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் என் தண்ணீர் சரியில்லை என்று ஒருத்தி சொல்கிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

"உனக்கு எல்லாத் தண்ணியும் உப்புத்தான். போய் வண்டியப் பாரு," என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அவர் பாட்டிலை மூடிக்கொண்டு போனார்.

நடுவர் வந்து நாய் தயாரா என்று கேட்டார். கயிற்றுக்கு அப்பால் ஆண்டனி நின்றிருந்தார், என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். சொன்னால் அந்த வருடம் போயிற்று. தயார் என்றேன்.

மூன்றாவது தடத்தில் பாதி தூரம் சரியாகப் போனாள். பிறகு திடீரென்று விலகி, தூங்குமூஞ்சி மரத்தின் நிழலுக்கு நடந்துபோய்ப் படுத்துவிட்டாள். தடம் மரத்தடிக்குப் போகவில்லை என்பதை அங்கே நின்ற எல்லோரும் அறிவோம். நாய் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்லும்? நான் போய், "தேடு மைனா" என்றேன். எழுந்தாள். நான் சொன்னேன் என்பதற்காக மட்டும் எழுந்தாள். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு உறுத்துவது அவள் விழுந்ததல்ல, அந்த எழுந்ததுதான். பத்தடி போவதற்குள் பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. பக்கவாட்டில் சாய்ந்தாள். ஈறு செங்கல் நிறத்தில் இருந்தது, கண் திறந்திருந்தும் என்னைப் பார்க்கவில்லை.

இனி சொல்லப்போவதுதான் உங்களுக்கு வேலைக்கு உதவும்.

ஆண்டனி கயிற்றைத் தாண்டி ஓடிவந்து அவளை வாரித் தூக்கினார். கால்நடை டாக்டர் தேவராவில், பாலம் தாண்டினால் போதும், கார் தயாராக நின்றது. கூட்டமும் சீக்கிரம் கொண்டுபோ என்றது. பாலத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பது மைதானத்திலிருந்தே தெரிந்தது. அந்தச் சூட்டோடு காருக்குள் போட்டு வரிசையில் நிறுத்தினால் அவள் பாலத்தைத் தாண்ட மாட்டாள். முதலில் குளிர வைக்க வேண்டும், பிறகுதான் வண்டி. எனக்கு இது தெரியும். ஆனால் சற்றுமுன்தான் நான் எனக்குத் தெரிந்ததை நம்பி அவளை விழவைத்திருந்தேன். தப்பு செய்த கையாலேயே அடுத்த நிமிடம் இன்னொரு முடிவை எடுப்பது மாதிரி கஷ்டம் வேறில்லை. பேசாமல் விட்டுவிட்டால் பழி பாலத்தின் மேல் போகும், ஆண்டனியின் மேல் போகும். அந்த ஆசை வந்தது. உங்களுக்கும் வரும்.

நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "இப்ப கொண்டுபோனா வழியிலயே போயிடுவா. இங்க கிடத்துங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஆனால் நிழலில் கிடத்தினார்.

கேன்களை அப்படியே கவிழ்த்து ஊற்றினோம். கழுத்து, வயிறு, தொடை இடுக்கு என்று நிற்காமல் ஊற்றினோம். துண்டு போட்டு மூடவில்லை. ஈரத்துணி மூடினால் அதற்குள்ளேயே சூடு நின்றுவிடும். மதிப்பெண் எழுதும் அட்டையைப் பிடுங்கி ஒருவர் விசிறினார். குடிக்க உதவாத அந்தக் கிணற்று நீர் ஊற்ற உதவியது, அதையும் சொல்ல வேண்டும். ஆண்டனி ஒரு குவளையை அவள் வாயில் கவிழ்க்கப் போனார். மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்தேன். நினைவில்லாத நாயின் தொண்டையில் ஊற்றினால் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். சிறுவாணி டாக்டரைப் போனில் பிடித்து, போனை என் காதில் வைத்துக்கொண்டு நின்றார். டாக்டர் இளம்பெண், பதறாமல் பேசினார். வெப்பமானி எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டார், இன்னும் ஊற்றுங்கள் என்றார், மறுபடி கேட்டார், இன்னும் ஊற்றுங்கள் என்றார். ஐந்தாவது கேன் பாதியானபோது, போதும், இனிமேல் அதிகமாகக் குளிர்ந்துவிடும், கிளம்புங்கள் என்றார்.

தூக்கும்போது மைனாவின் தலை அசைந்தது. வெறும் நாக்கால் காற்றை நக்கினாள். அப்போது சிறுவாணி, என்னைக் கேட்காமல், தன் பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நீட்டினார். மைனா நக்கினாள். கை காலியானது. மறுபடி ஊற்றினார், மறுபடி நக்கினாள். தலையைத் தூக்கி அந்தக் கையைத் தேடினாள். கொஞ்சம் கொஞ்சமாக, என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது.

நான் எட்டிக் கை நீட்டி, அந்தப் பாட்டிலை வாங்கி ஒரு வாய் குடித்தேன். பிறகு கேனின் அடியில் மிச்சம் இருந்ததைக் குடித்தேன். அடுத்தடுத்துக் குடித்தபோதுதான் தெரிந்தது. எங்கள் கேனில் இருந்த கிணற்றுத் தண்ணீர் கரித்தது. நன்றாகவே கரித்தது. கோடையில் கடல் நிலத்தடியில் உள்ளே ஏறி நம் கிணறுகளில் உப்புக் கூடிக்கொண்டே போகும், நாளுக்குக் கொஞ்சம். கூடவே நம் நாக்கும் பழகிக்கொண்டே போகும். கூடத்து நாய்களும் முற்றம் கழுவும் அந்தத் தண்ணீரை நக்கி நக்கிப் பழகியவைதான். மைனா தேவராவில் வடிகட்டிய தண்ணீர் குடித்து வளர்ந்தவள். அவளுக்குப் பழக்கமில்லை. காலை முழுக்க மூன்று தடவை எனக்குச் சொல்லிவிட்டாள்.

பிழைத்தாள். டாக்டர் வீட்டில் இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. பத்து நிமிடம் முன்னால் காரில் ஏற்றியிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். ஆண்டனி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கு நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்துக் கூசினேன். அவர் நன்றி சொல்லவில்லை.

"முருகேட்டா, நிங்க குடிச்சு நோக்கிட்டுதானே கொடுத்தது?"

ஆமாம் என்றேன்.

"மூணு தடவயும்?"

ஆமாம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மைனாவைப் பிறகு அவர் எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் குடும்பம் தலைமுறையாகத் துணி வெளுக்கிற குடும்பம். அக்கா இன்னும் அந்தத் தொழில்தான். அன்று வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"காலம்பற சோப்பு நுரைச்சுதாடா?"

இல்லை என்று தலையாட்டினேன். தண்ணீரில் உப்பு ஏறினால் சோப்பு திரியும் என்பது எங்கள் வீட்டில் பேசப் பழகுவதற்கு முன்பே தெரிந்துகொள்கிற விஷயம். வெளுப்பவன் மகன் கையில் சோப்பு வந்து சொல்லியிருக்கிறது, நாய் ஓட்டுகிறவன் காதில் விழவில்லை. நாய், சோப்பு, கோயம்புத்தூர்ப் பெண், மூன்று சாட்சி. நான் நம்பியது என் நாக்கை.

மறுநாள் கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது அந்தப் பெண்ணிடம் போய் அவர் பெயரைக் கேட்டேன். மூன்று மாதம் கூட வேலை செய்தவரிடம் பெயர் கேட்பது எவ்வளவு கேவலம் என்று கேட்கும்போதுதான் புரிந்தது. சொன்னார். நேற்று நீங்கள் சொன்னது சரி, நான் சிரித்தது தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் கூச்சப்பட்டு, பருப்பு அடிப்பிடிக்கிறது என்று சமையலுக்குள் ஓடிவிட்டார். அடுத்த இரண்டு கோடை வரை நாய்களின் தண்ணீரை அவர்தான் ருசி பார்த்தார். மூன்றாவது கோடையில் ஒருநாள் அவரே வந்து, "அண்ணா, குடிச்சுக் குடிச்சுப் பழகிருச்சு, எனக்கும் இப்பெல்லாம் தெரியறதில்லைங்க," என்றார். அன்றுதான் பெட்டியில் சோப்பு ஏறியது. சோப்புக்கு எந்த ஊரும் பழகாது.

எந்தச் சோப்பும் ஆகாது, சொல்லிவிடுகிறேன். தேங்காய் எண்ணெய் சோப்பு கடல் தண்ணீரிலும் கொஞ்சம் நுரைத்து ஏமாற்றும். பழைய மாதிரி மஞ்சள் பார் சோப்புதான் வேண்டும். சந்தைப் பக்கம் இன்னும் கிடைக்கிறது, நானே ஒன்று வாங்கி இத்துடன் அனுப்புகிறேன். டேங்கர் தண்ணீரே ஆனாலும் உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துவிட்டுப் பாத்திரத்தில் ஊற்றுங்கள்.

ரம்யா, நீ ஆலுவாவில் ஆற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவள், இங்கே வந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்றார்கள். அப்படியானால் இப்போதைக்கு அந்தக் கூடத்திலேயே நல்ல நாக்கு உன்னுடையது. நாளைக் காலையிலிருந்து பாத்திரத்தில் முதல் வாய் நீ குடி. கரித்தால் உடனே சொல். யாராவது சிரித்தால் பதில் பேசாதே, சோப்பை எடுத்து அவர்கள் கையில் கொடு.